காதக்காவும் ஓடாத மோட்டாரும்

அந்தத் தெருவில் வந்து மோட்டார் பட்டறை எங்கே என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். காதக்கா கடை எங்கே என்று கேட்டுப் பாருங்கள், மூன்று பேர் முந்திக்கொண்டு வழி சொல்வார்கள். நான்காவது ஆள் கூடவே வந்து கடை வாசலில் விட்டுவிட்டுப் போவார்.

காது பெரிதாக இருந்ததால் வந்த பெயர் அல்ல அது. காது அளவானதுதான். வாய்தான் கொஞ்சம் பெரிது. கல்யாணமான புதிதில் கணவரின் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். அவர் கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரைப் பார்த்து, "உள்ள யாரோ பல்லை நறநறன்னு கடிக்கிற மாதிரி இருக்கே" என்றாள். அவர் அரை நாள் பாடுபட்டுச் சரிசெய்து அப்போதுதான் மூடி வைத்த மோட்டார் அது. புது மனைவியாயிற்றே என்று மறுபடி பிரித்தார். பேரிங்கில் ஒரு இரும்புக் குண்டு உடைந்து கிடந்தது. மறுநாள் சாப்பாட்டோடு வந்தவள் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. பட்டறையிலேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேலையை இருவரும் பிரித்துக்கொண்டார்கள். செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவதும் வார்னிஷ் பூசுவதும் அவர் பாடு. கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது இவள் பாடு. நீளமான திருப்புளி ஒன்று வைத்திருந்தாள். அதன் முனையை மோட்டாரின் உடம்பில் ஊன்றி, கைப்பிடியை இடது காதோடு ஒட்டிவைத்து, வலது காதை விரலால் அடைத்து, கண்ணை மூடிக்கொள்வாள். மோட்டார் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. ஆனால் மற்றவர்கள் பத்து முறை வைத்துக் கேட்பதை இவள் ஒரே தடவையில் கேட்டுவிடுவாள். "பின்பக்க பேரிங். மாத்துங்க" என்பாள். பிரித்தால் பின்பக்க பேரிங்தான் போயிருக்கும். இப்படியே வருஷக் கணக்காக அவள் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. அதுதான் வினையாகவும் போயிற்று. தப்பே செய்யாதவர்களுக்குத் தப்பு வந்தால் அடையாளம் தெரியாது.

அந்தச் சத்தம் முதலில் எப்போது வந்தது என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. உஷ்... உஷ்... உஷ்... என்று ஒரு உரசல். துணியை ஈரத் தரையில் இழுப்பது போல, விட்டு விட்டு, ஒரே சீராக. படுக்கையறை மின்விசிறியிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டினாள். கணவர் ஏணி போட்டு ஏறி, விசிறியைக் கழற்றி, எண்ணெயிட்டு மாட்டினார். சத்தம் போகவில்லை. மறுபடி கழற்றினார். போகவில்லை. புது விசிறி வாங்கி மாட்டினார். "கடைக்காரன் ஏமாத்திட்டான், இதுலயும் அதே சத்தம்" என்றாள். ஒரு நாள் மின்சாரம் போய் விசிறி நின்றபோதும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் என்றாள். பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் கிடையாது என்பதைக் கணவர் சொல்லவில்லை. அவர் ஊமை இல்லை. பேச்சைச் சிக்கனமாக வைத்திருப்பவர்.

பட்டறையில் அந்தச் சத்தம் ஒரு தினுசாக விளையாடியது. வேகமாகச் சுற்றும் மோட்டார்களில் அவள் காது முன்போலவே கச்சிதம். மெதுவாகச் சுற்றுகிறவற்றில்தான் வம்பு. ஒரு சுற்றுக்கு ஒரு உரசல் என்று அச்சாகப் பொருந்திவிடும். மின்விசிறி, மாவு பிசையும் இயந்திரம், துணி துவைக்கும் பெரிய டிரம், எது வந்தாலும் "உரசுது, பேரிங் மாத்துங்க" என்றாள். கணவர் மாற்றினார். கழற்றிய பேரிங்கைக் கையில் வைத்து உருட்டிப் பார்ப்பார். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். 'நன்றாகத்தானே இருக்கிறது' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வரும். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே உள்ளே போய்விடும்.

வாயை அடக்கத் தெரியாத ஒருத்தி அதே தெருவில் இருந்தாள். அவருடைய தங்கை, அதாவது காதக்காவின் நாத்தனார். நான்கு கடை தள்ளிச் சலவைக்கடை வைத்திருந்தாள். விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் தொழிற்சாலைச் சீருடைகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். எதில் ஆரம்பித்த சண்டை என்று கேட்டால் இருவரும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், இரண்டும் நம்பும்படியாக இருக்காது. ஆனால் சண்டையை மட்டும் இருவரும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போலத் தினமும் கவனித்து வந்தார்கள்.

நாத்தனார் கடைப் பெரிய டிரம்முக்குக் காதக்கா சொன்னபடி இரண்டு முறை பேரிங் மாற்றியாகிவிட்டது. மூன்றாம் முறையும் வந்து கேட்டு, "உரசுது" என்றாள்.

நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஓடுற மிஷினுக்கு உரசுதுன்னு சொல்லிச் சொல்லியே அதை நோயாளி ஆக்கிட்டீங்க அண்ணி. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல."

"உனக்கு எங்க கேக்கும்? உன் வாய் ஓயாம ஓடும்போது பக்கத்துல இடி விழுந்தாலும் உனக்குத் தெரியாது."

"சரி, இன்னொரு தடவை கேட்டுச் சொல்லுங்க. நல்லாக் கேளுங்க."

கடைக்குள் உலர்த்தும் இயந்திரங்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. இஸ்திரிக்காரர் ஆவி பறக்க விரிப்புகளை அழுத்திக்கொண்டிருந்தார். காதக்கா டிரம்மின் பின்னால் போய்க் குனிந்து, திருப்புளியை ஊன்றி, வலது காதை அடைத்து, கண்ணை மூடினாள். நாத்தனார் சத்தமில்லாமல் சுவரோரம் போய் டிரம்மின் சுவிட்சை அணைத்தாள். டிரம் மெல்லத் தளர்ந்து நின்றது.

"ஆங்!" என்றாள் காதக்கா, கண்ணைத் திறக்காமல். "வேகத்தைக் குறைச்சியா? அப்படியே வச்சிரு. இப்பதான் தெளிவாக் கேக்குது. உஷ்... உஷ்... யார்கிட்ட கதை விடற? சுத்திக்கிட்டே இருக்கு, உரசிக்கிட்டே இருக்கு."

இஸ்திரிக்காரர் முதலில் சிரித்தார். பிறகு துணி மடிக்கிறவர்கள் சிரித்தார்கள். காதக்கா கண்ணைத் திறந்து, டிரம்மின் முன்பக்கம் வந்து பார்த்தாள். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் சோப்புத் தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் நின்றது. ஒரு காலுறை அதில் மிதந்துகொண்டிருந்தது.

அவளுக்கு முகம் சிவந்தது. திருப்புளியை எடுத்துச் சுவரில் வைத்துக் கேட்டாள். உஷ்... உஷ்... இஸ்திரி மேசையில் வைத்தாள். அங்கேயும் அதேதான். ஆத்திரத்தில் மடித்து அடுக்கியிருந்த விரிப்புகள்மேல் வைத்துக் கேட்டாள். அங்கேயும் உஷ்... உஷ்... மடித்த விரிப்பில் பேரிங் ஏது? அவள் நிமிர்ந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவள் முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்திருந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

சுற்றி நின்றவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். நாத்தனார் மட்டும் திருப்பிக்கொள்ளவில்லை. "எல்லாத்தையும் நிறுத்துங்க" என்று கத்தினாள். உலர்த்தி, பிழிவான், இஸ்திரி எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. பட்டப்பகலில் அந்தக் கடை அப்படி ஓய்ந்ததே இல்லை. அவள் அண்ணியின் தலையைக் குழந்தையின் தலையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்து, இடது காதுக்குப் பின்னால் தன் காதை ஒட்டினாள். அத்தனை வருஷத்தில் அவர்கள் அவ்வளவு நெருங்கி நின்றது அன்றைக்குத்தான். காதக்காவுக்குச் சோப்பு வாசனை அடித்தது. தள்ளிவிடத்தான் கை போயிற்று, பாதி வழியில் நின்றுவிட்டது.

நாத்தனார் வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக, "அண்ணி, மிஷின்ல இல்ல. உங்க தலைக்குள்ளதான் என்னமோ ஓடுது. எனக்கே கேக்குது" என்றாள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் காதக்கா நம்பியிருக்கமாட்டாள். தன்னைச் சமாதானப்படுத்த ஒரு பொய் சொல்ல நாத்தனாருக்கு எந்தக் காரணமும் இல்லை என்பதால் நம்பினாள்.

மருத்துவமனைக்குக் கணவரும் வந்தார், நாத்தனாரும் வந்தாள். டாக்டர் இளம்பெண். காதக்காவின் மணிக்கட்டில் விரலை வைத்து, காதுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். ஒரு நிமிஷம் கேட்டார். "உங்க நாடி அடிக்கிறதும் இந்தச் சத்தமும் ஒண்ணாப் போகுது" என்றார். பிறகு காதுக்குப் பின்புறம் ஓரிடத்தில் விரலால் அழுத்தினார்.

"அய்யோ, குறைஞ்சிடுச்சு!" என்று காதக்கா கூவினாள். விரலை எடுத்ததும் மறுபடி வந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் குழாய்க்குள் சாயம் செலுத்தியும் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னார். "இதயத்துல இருந்து வேகமா ரத்தத்தைக் கொண்டு வர்றது தமனி. திருப்பிக் கொண்டுபோறது சிரை. நடுவுல தலைமுடியைவிட மெல்லிசான குழாய்ங்க வலை மாதிரி இருந்து வேகத்தைக் குறைக்கும். உங்களுக்குக் காதுக்குப் பின்னால, மூளைக்கு மேல இருக்கிற உறையில, தமனியும் சிரையும் நேரா ஒட்டிக்கிட்டிருக்கு. வேகமா வர்ற ரத்தம் அப்படியே சிரைக்குள்ள பாயுது. அந்தச் சத்தம்தான் இது."

"லோடு இல்லாம ரெண்டு ஒயரும் ஒட்டிக்கிச்சு" என்றாள் காதக்கா. "ஷார்ட்டு."

"கிட்டத்தட்ட அதேதான்."

"அப்ப ஒயரைப் பிரிச்சு டேப்பைச் சுத்திட வேண்டியதுதானே?"

டாக்டர் சிரித்தார். "பிரிக்க மாட்டோம். தொடையில சின்னதா ஒரு துளை போட்டு, உள்ள ஒரு மெல்லிசான குழாயைத் தலை வரைக்கும் கொண்டுபோய், பசை மாதிரி ஒரு மருந்தால அந்த இணைப்பை அடைச்சிடுவோம்."

"தொடை வழியாத் தலைக்கா?" என்றாள் நாத்தனார். "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறதுன்னு சும்மா பேச்சுக்குச் சொல்வாங்கன்னுல்ல நெனச்சேன்!"

டாக்டர் மறுபடி சிரித்தார். ஆனால் அடுத்ததைச் சிரிக்காமல் சொன்னார். அந்தச் சிரையில் ரத்தம் போக வேண்டிய வழியை விட்டுவிட்டு, மூளைப் பக்கமாகப் பின்னோக்கி ஓடத் தொடங்கியிருக்கிறது. இப்படியே விட்டால் ஒரு நாள் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசியலாம், ஆகவே அடைத்தே ஆகவேண்டும். அடைக்கும்போது, மிகச் சிலருக்கு, அந்தப் பக்கத்து முகத்தை அசைக்கும் நரம்போ காதோ பாதிக்கப்படலாம். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வோம், ஆனால் சொல்லிவிடுவது எங்கள் கடமை என்றார்.

காதக்காவுக்கு வெடிப்பது காதில் ஏறவில்லை. 'காதோ' என்ற சொல் மட்டும் ஏறியது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டாள். "ரொம்ப நாள் யோசிக்காதீங்க" என்று டாக்டர் பின்னாலிருந்து சொன்னார்.

பட்டறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். "இவ்வளவு நாள் கூடவே இருந்துச்சு. இனியும் இருந்துட்டுப் போகட்டும். இப்பதான் தெரிஞ்சிடுச்சே, மெதுவா ஓடுற மிஷினை மட்டும் வேற யாரையாவது கேக்கச் சொல்லிடலாம்" என்று தனக்குத்தானே நியாயம் பேசினாள். உண்மையில் அவளுக்குப் பயம். வெறும் பயம் என்றாலும் சாதாரணப் பயம் அல்ல. அந்தக் காது இல்லாவிட்டால் தான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. காதில்லாத காதக்காவை யார் கூப்பிடுவார்கள், எதற்குக் கூப்பிடுவார்கள்? கணவர் கம்பி சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் கையில் கம்பி அறுந்ததே கிடையாது. அன்றைக்கு மூன்று தடவை அறுந்தது. மூன்றாம் தடவை அவர் சுருளை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அதை வாசலிலிருந்து பார்த்துவிட்டு நாத்தனார் உள்ளே வந்தாள். கை முழுக்க நுரை. துடைக்கக்கூட இல்லை.

"என்ன அண்ணி யோசிச்சீங்க?"

"காது போயிட்டா என்னடி பண்றது?"

"போனா போகட்டும். நான் இன்னும் சத்தமாத் திட்டறேன். உங்களுக்குக் கேக்கற வரைக்கும் திட்டறேன். என் தொண்டைக்கு என்ன கேடு?" நுரைக் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களே போயிட்டீங்கன்னா நான் யாரைத் திட்டறது? காலையில எழுந்து எதுக்கு இந்தப் பக்கம் வர்றது?"

நுரை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"வாயைக் கழுவுடி" என்றாள் காதக்கா. "சோப்புதான் உன் கடையில மூட்டை மூட்டையாக் கிடக்கே." பிறகு கணவரைப் பார்த்தாள். "என்னங்க, அழாதீங்க. எந்திரிங்க. எப்ப வரணும்னு டாக்டரைக் கேட்டுட்டு வாங்க."

அவர் செருப்பை மாட்ட மறந்து, வெறுங்காலோடு தெருவில் இறங்கிப் போனார். நாத்தனார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு "அண்ணே! அண்ணே!" என்று பின்னாலேயே ஓடினாள். காதக்கா முக்காலியில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணன் தங்கை இரண்டு பேருமே லேசாக ஒரு கழண்ட கேஸ்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

குறித்த நாளில் மயக்க மருந்து கொடுக்கிறவர், "ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க" என்றார். அவளோ தன் தலைக்குள் கேட்ட உஷ் உஷ்ஷை எண்ணத் தொடங்கினாள். எங்கே விட்டாள் என்று தெரியாது.

கண் விழித்தபோது முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. டாக்டர் குனிந்து, "சிரிங்க பார்க்கலாம்" என்றார். இந்த நேரத்தில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் சிரித்து வைத்தாள். டாக்டர் அவள் வாயின் இரண்டு ஓரத்தையும் உற்றுப் பார்த்தார். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். மூடினாள். "முகம் நல்லா இருக்கு. இணைப்பு முழுசா அடைஞ்சிடுச்சு" என்று சொல்லித் தோளைத் தட்டினார். கட்டிலின் கால்மாட்டில் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

டாக்டர் வெளியே போனார். தாதி கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அறை அடங்கியது.

அப்போதுதான் காதக்கா கேட்டாள். கேட்டாள் என்பதும் சரியில்லை. இடது பக்கத்தில் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. உஷ் இல்லை. எதுவும் இல்லை. பஞ்சை அடைத்தது போல, தண்ணீரில் முக்கியது போல ஒரு அமைதி. அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது, அதுகூடக் காதுக்கு வரவில்லை. போனது சத்தமா, காதா? பட்டறையில் ஆயிரம் மோட்டாருக்குப் பதில் சொன்னவளுக்கு இந்த ஒன்றுக்குப் பதில் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. கண்ணில் நீர் வந்து காதோரம் வழிந்தது.

இடது பக்கம் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். காதக்கா வலது காதைத் தலையணையில் அழுத்திப் புதைத்துக்கொண்டாள்.

"ஏதாவது சொல்லுடி" என்றாள். "மெதுவா. ரொம்ப மெதுவா."

நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் பேச்சு வரவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவர் திரும்பி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார். அவள் குனிந்து, அண்ணியின் இடது காதுக்குப் பக்கத்தில், தனக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

"நல்லவேளை அண்ணி, மூஞ்சி கோணல. இருந்ததே சுமாரு."

காதக்கா அசையாமல் படுத்திருந்தாள். ஒரு எழுத்து விடாமல் வந்து சேர்ந்திருந்தது. சுமாரு என்பதில் வந்த கடைசி இழுப்பு உட்பட. வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. தொடையில் போட்ட கட்டு வலித்தது. வலித்தால் வலிக்கட்டும். சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே கையை நீட்டி நாத்தனாரின் கழுத்தை வளைத்து இழுத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.